மஞ்சள் உரைக்கும் கல்

தமிழகத்தை விட்டு வடபுலத்தில் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில், எத்தனை முறை வீடு மாறினாலும் சில பொருள்கள் கூடவே வந்து சேர்ந்துவிடுகின்றன. காப்பி வடிகட்டியும் இட்டலித் தட்டும் அத்தகையன. எம் இல்லத்தில் குளியலறைக் குழாயின் கீழே மற்றொன்றும் இருந்து வந்தது. உள்ளங்கை அகலத்தில், நடுவே சிறிது குழிந்த ஒரு கருங்கல் அது. ஊரில் கிணற்றடியில் கிடந்தது. தந்தையாரின் பணி மாற்றத்தின்போது இரும்புப் பெட்டிக்குள் அமர்ந்து தில்லிக்கு வந்தது. நாள்தோறும் காலையில் எம் அன்னையார் அதில் நீர் தெளித்து மஞ்சளை உரைத்து, முகத்திலும் கழுத்திலும் பாதங்களிலும் பூசிச் சற்றே ஊறவிட்டு, பயற்றமாவு தேய்த்துக் கழுவுவார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சிறு செயலின் வரலாறு மிக நீண்டது.

இங்குள்ள கடையில் ‘ஹல்தி’ என்று கேட்டால் கிடைப்பது விரலி மஞ்சள், அல்லது அதன் தூள். அது சமையலுக்குரியது. பூசுவதற்கு நம் பெண்டிர் நாடுவது உருண்டையான முட்டா மஞ்சள். இரண்டும் ஒரே செடியின் கிழங்குகளே: நடுவிலுள்ள தாய்க்கிழங்கு முட்டா, அதினின்று பக்கங்களில் கிளைப்பவை விரலி. கஸ்தூரி மஞ்சளோ வேறு இனம். இவ்வேறுபாட்டைக் கடைக்காரருக்கு இந்தியில் விளக்க முயன்று தோற்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட யாமும் தோற்றிருக்கிறோம்.

இச்செடியைப் பற்றி ஒரு செய்தி வியப்புக்குரியது. அதன் உயிரணுக்களில் நிறப்புரித் தொகுதிகள் மும்மடங்காக அமைந்திருப்பதால், அது வளமான விதை தந்து பெருகுவதில்லை. காற்றோ பறவையோ அதைப் பரப்ப இயலாது. கிழங்கின் ஒரு துண்டை ஒருவர் எடுத்துச் சென்று நட்டால்தான் அது மறு நிலத்தில் முளைக்கும். நெடுங்காலத்துக்கு முன்னரே பொலினீசிய மக்கள் தம் படகுகளில் ஏற்றி அதனை ஹவாய்த் தீவுகள் வரை கொண்டு சென்றனர். மஞ்சள் விளையும் நிலமெல்லாம் அதைச் சுமந்து சென்ற மனிதரைத் தெரிவிக்கின்றன. புலம்பெயர்ந்தோராகிய நமக்கு இச்செடி உறவினர் போலும்!

மேனாட்டு அறிவியலாருள் வோகல், பெல்லெத்தியே என்னும் இருவர் 1815-ஆம் ஆண்டில் மஞ்சளின் நிறப்பொருளைப் பிரித்தெடுத்தனர். குர்க்குமின் எனப்படும் அதன் வேதியியல் அமைப்பு தெளிவாவதற்கு 1910 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அப்பொருளின் குணத்தை நம் இல்லங்கள் முன்னமே அறிந்திருந்தன. மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டின் செந்நீரும் பழைய முறையில் செய்யும் குங்குமமும் அவ்வாறு பிறந்தவையே. காரமுள்ள சோப்பு பட்டாலும் மஞ்சட் பூச்சு செந்நிறம் காட்டும். பயற்றமாவுக்கு அந்தக் குற்றம் இல்லை.

1995-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இது புதுமையன்று என்று நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் வழக்காடியது. பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாக வைத்தது. அக்காப்புரிமை 1997 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. இதன் விளைவாக, 2001 முதல் நம் மருத்துவ மரபறிவைத் தொகுக்கும் மின்னணு நூலகம் ஒன்று உருவாகலாயிற்று. வடமொழி, அரபு, பாரசீகம், உருது, தமிழ் ஆகிய மொழிகளின் சுவடிச் செய்திகள் ஐந்து அயல்மொழிகளில் பெயர்க்கப்பட்டு, காப்புரிமை அலுவலகங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. மொழிபெயர்ப்பு என்னும் எளிய பணி நாட்டின் உடைமையைக் காத்ததை எண்ணி யாம் பெருமை கொண்டதுண்டு.

மஞ்சள் யாருக்கு உரியது என்று உலக அரங்கில் நாம் வழக்காடி வென்றோம். அதே வினா ஆறு ஆண்டுகளுக்கு முன் எம் வீட்டுக்குள் எழுந்தபோது, வழக்காட எவரும் இல்லை.

தந்தையார் மறைந்தார். பத்தாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலை குழாயடி வெறுமையாக இருந்தது. “எனக்கு இனி அது எதற்கு?” என்று மட்டும் சொல்லி, கல்லைப் பழந்துணியில் சுற்றிப் பரணில் வைக்கச் செய்தார் அன்னையார். யாமே ஏணியில் ஏறி வைத்தோம். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

நம் நாட்டில் பல சமூகங்களில் மஞ்சள் சுமங்கலியின் அடையாளம். தாலிச் சரடு மஞ்சளில் தோய்ந்தது. பொன்னுக்கு வழியற்றோர் மஞ்சட் கிழங்கையே கயிற்றில் கோத்துத் தாலியாக அணிவதும் உண்டு. மங்கலத்தோடு இவ்வளவு நெருங்கியதால்தான், கணவனை இழந்தவளிடமிருந்து அது பறிக்கப்பட்டது. ஆனால் பதினாறாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் மஞ்சளுக்கு அடுக்கும் பெயர்களுள் ஒன்று ‘யோஷித்பிரியா’. பெண்டிர்க்கு இனியது என்பது பொருள். கணவனுள்ள பெண்டிர் என்று அப்பெயர் வரையறுக்கவில்லை. தோலுக்கு நலம் செய்யும் கிழங்கு, பூசுபவளின் கணவன் உயிரோடிருக்கிறானா என்று வினவுவதுமில்லை.

சகோதரி சுப்புலட்சுமி குழந்தைப் பருவத்திலேயே கைம்மை உற்றவர். 1911-இல் சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்று, மறு ஆண்டே தம்மைப் போன்ற இளம் பெண்களுக்கு இல்லம் தொடங்கினார். பள்ளியும் தொழிலும் அவர்களுக்குத் திறந்தன. ஆயினும் குளியலறையின் வழக்கங்களைச் சட்டமோ பள்ளியோ எளிதில் எட்டுவதில்லை. பட்டம் பெற்று, அரசுப் பணியிலிருந்த எம்மையே அவை எட்டவில்லையே.

சென்ற குளிர்காலத்தில் அண்டை வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் திருமணம். மணநாளுக்கு முன் கடலை மாவும் மஞ்சளும் கடுகெண்ணெயும் குழைத்து மணமகளுக்குப் பூசுவர். ‘வட்னா’ என்பது அவர்கள் வழக்கு. ஓரத்தில் ஒதுங்கி அமர்ந்திருந்த அன்னையாரின் முன் மணமகளின் தாய் கிண்ணத்தை நீட்டி, “மாதாஜி, நீங்களும் பூசுங்கள்” என்றார். நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. அன்னையார் எம்மைப் பார்த்தார். பின்னர் இரு விரல்களால் எடுத்து அப்பெண்ணின் கன்னங்களில் மெல்லத் தடவினார்.

அந்த விரல்களில் மஞ்சள் இரண்டு நாள் மங்கவில்லை. அதைக் கண்டு எம் மகள், “பாட்டி, உங்கள் கல் எங்கே?” என்று கேட்டாள். இம்முறையும் ஏணியில் ஏறியவர் யாமே.

கல் இப்போது குழாயடியில் இருக்கிறது. ஞாயிறு காலையில் மகள் உரைக்கிறாள். “தண்ணீரைக் குறை, கட்டியாக வரட்டும்” என்று அன்னையார் வாயிற்படியில் நின்று சொல்கிறார். தாம் முகத்தில் பூசிக்கொள்வதில்லை. பாதங்களில் மட்டும், குளிரில் வெடிப்பு வருகிறது என்று காரணம் கூறிக்கொண்டு, சிறிது தடவிக்கொள்கிறார்.