மேடை நீங்கா நடிகர்: எம். ஆர். ராதா

திரையிற் புகழ்பெற்றதும் மேடையைக் கைவிட்ட நடிகர் பலர். 1907இற் பிறந்த எம். ஆர். ராதா அவர்களுக்கு விலக்கானவர். சிறுவயதிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்த அவர் 1937இல் ‘ராஜசேகரன்’ மூலம் திரைக்கு வந்து, சில படங்களின் பின் மேடைக்கே திரும்பினார்.

திருவாரூர் தங்கராசுவின் ‘இரத்தக்கண்ணீர்’ நாடகத்தில், மனைவியைப் புறக்கணித்துத் தொழுநோயுற்று அழியும் மோகனசுந்தரமாக அவர் புகழீட்டினார். அன்றாட அரசியற் செய்திகளும் அவர் வசனத்திற் புகுந்தன. 1954இல் அது திரைப்படமாயிற்று. அவ்வாண்டிலேயே அவரது இராமாயண நாடகம் எதிர்ப்பைக் கிளப்ப, சென்னை அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. திரைப்படத்தை ஒருமுறை தணிக்கை செய்தாற் போதும். நாள்தோறும் மாறும் மேடைப்பேச்சை அவ்வாறு அடக்குதல் அரிது. ராதா மேடையை விரும்பியதற்கும் அரசு அதனை அஞ்சியதற்கும் காரணம் ஒன்றே எனலாம்.

1967இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கிற் பெற்ற சிறைத்தண்டனை அவர் வாழ்விற் பெருங்களங்கம். விடுதலையான பின்னரும் மேடையையே நாடிய அவர் 1979இல் மறைந்தார்.