குலவழியும் நீரிழிவும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் ஒரு திருமணப் பேச்சு நடந்தது. ஜாதகம் பார்த்தாயிற்று, குலம், கோத்திரம், உத்தியோகம் யாவும் விசாரித்தாயிற்று. பெண்ணின் பாட்டிக்கும் தாய்க்கும் நீரிழிவு உண்டு என்பதை மட்டும் எவரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் சம்பந்தம் தட்டிப் போகும் என்று பெரியவர்கள் அஞ்சினர். மறு ஆண்டு அப்பெண் கருவுற்றாள். குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் உண்டா என்று டாக்டர் கேட்டபோது, மாமியார் அருகிலிருக்கவே, "இல்லை" என்று விடை வந்தது. ஏழாம் மாதத்தில்தான் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பது தெரிந்தது. தாயும் சேயும் நலமாகவே மீண்டனர். ஆயினும் அந்த "இல்லை" என்னும் சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. அது எங்கிருந்து பிறந்தது?

குலவழி வந்த நோய்க்கு மருந்தில்லை என்னும் அச்சத்திலிருந்தே பிறந்தது என்று கருதுகிறோம். இவ்வச்சம் மிகப் பழையது. மதுமேகம் உடையவருக்குப் பிறந்தவரிடம் தோன்றும் அந்நோய் விதைக் குற்றத்தால் வருவது, ஆதலின் தீராதது என்று சரக சம்ஹிதை தீர்ப்புக் கூறிவிட்டது. சுசுருத சம்ஹிதையோ நோயை இரண்டாகப் பகுத்தது: உடன்பிறந்தது ஒன்று, தகாத உணவாலும் ஒழுக்கத்தாலும் வருவது மற்றொன்று. முன்னவர் மெலிந்திருப்பர், பின்னவர் பருத்து, மிகுதியாக உண்டு, படுக்கையையே விரும்புவர். ஏறத்தாழ இதே பிரிவினையை மேலைநாட்டு மருத்துவம் 1936-ஆம் ஆண்டில்தான், லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்பார் செய்த சோதனைகளால் தெளிவாகக் கண்டது என்றால் வியப்பாகவே இருக்கிறது. சுசுருதர் பெயரால் வழங்கும் அந்நூல் ஏழை நோயாளிக்குச் சொல்லும் சிகிச்சை இன்னும் சுவையானது. செருப்பும் குடையுமின்றி, பிச்சையேற்று உண்டு, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காமல் நூறு யோசனை நடக்க வேண்டும். அன்றேல் கிணறு வெட்ட வேண்டும்!

மேலைநாட்டு வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதை 1674-இல் தாமஸ் வில்லிஸ் எழுதினார். அவ்வினிப்பு சர்க்கரையே என்று 1776-இல் மாத்யூ டாப்சன் காட்டினார். 1889-இல் கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு இந்நோய் வந்ததை ஜெர்மானியர் இருவர் கண்டனர். 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. இவ்வளவும் நோய் வந்தபின் காக்கும் கதை. குலவழி என்னும் கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை தேடியவர்கள் இரட்டையரை நாடினர். உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு நோயிருந்தால் மற்றவருக்கும் வருமா? 1981-இல் லண்டனில் வெளியான ஆராய்ச்சியில், நடுவயதில் வரும் இரண்டாம் வகை நோயுடைய 53 இணைகளில் 48 இணைகளில் இருவருக்குமே நோய் இருந்தது. சிறுவயதில் வரும் முதல் வகையில் 147 இணைகளில் 80 மட்டுமே அவ்வாறு இருந்தன. இனிப்புத் தின்றதால் வந்தது என்று நாம் எளிதாகப் பழிசுமத்தும் நோய்தான் குலவழியில் வலியதாக இருக்கிறது! பஞ்ச காலத்தில் உடலைக் காக்க உதவிய சிக்கனக் குணமே வளமான காலத்தில் நோயாக மாறுகிறது என்று 1962-இல் அமெரிக்கரான நீல் ஒரு கருத்தை வெளியிட்டார். அதனை ஏற்காதவரும் உளர்.

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்; பின்னர் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கண்டார். தாய் தந்தை இருவருமே நோயாளராக உள்ள குடும்பங்களின் பிள்ளைகளை அவரும் உடனிருந்தோரும் ஆராய்ந்தனர். அப்பிள்ளைகளிடம் நோய் மிகுந்திருந்ததை 1985-இல் வெளியிட்டனர். இவ்வளவில் நின்றிருந்தால் சரகர் சொன்னதே சரி என்று நாமும் கைகட்டி இருந்திருப்போம்.

ஆனால் இராயபுரத்து டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் குழுவினரும் 1992-இல் வெளியிட்ட கணக்கு வேறொரு வாயிலைத் திறந்தது. சென்னை நகரில் வயது வந்தோரில் நூற்றுக்கு 8.2 பேருக்கு நோய். அருகிலிருந்த கிராமங்களிலோ 2.4 பேருக்கே! ஒரே மக்கள், ஒரே குலவழி. இடையில் சில மைல் தூரமும், மாறிய வாழ்க்கையுமே இருந்தன. 2006-இல் மீண்டும் எண்ணியபோது கிராமங்களிலும் அது 9.2 ஆகிவிட்டது. இந்த 14 ஆண்டுகளில் எவருடைய குலமும் மாறியிருக்க முடியாது. கிராமத்தை விட்டு ஆயிரம் மைல் கடந்து காலனிகளில் குடியேறிய நமக்கு இக்கணக்கின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாத்தாவின் உடலைக் கொண்டுவந்தோம். அவருடைய வரப்பையும் ஏற்றத்தையும் ஊரிலேயே விட்டுவந்தோம். அவர் உண்ட அளவுக்குச் சோற்றை மட்டும் விட மனம் வரவில்லை.

பின்னர் அதே குழுவினர் சென்னையில் 35 முதல் 55 வயது வரையுள்ள 531 பேரைச் சேர்த்தனர். பெரும்பாலோர் நம்மைப் போல் அலுவலகம் செல்லும் நடுத்தரக் குடும்பத்தினர். நோயின் வாயிற்படியில் நின்றவர்கள். அதாவது, குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் சென்றபின் சர்க்கரை அளவு 140-க்கும் 199-க்கும் இடையில் இருந்தவர்கள். ஒரு பிரிவினரை வழக்கம்போல் விட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடந்து, உணவைச் சீர்செய்தனர். ஒரு பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. மற்றொன்றுக்கு இரண்டும். 2006-இல் முடிவு வெளியாயிற்று. மூன்றாண்டுகளில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். நடந்தவர்களில் 39 பேர். மாத்திரை உண்டவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் இல்லை. நடந்தவர்களுக்கு உடல் எடை பெரிதாகக் குறையவுமில்லை. எனினும் பலன் கிட்டியது. எடை இறங்கவில்லையே என்று நடையை நிறுத்திவிடும் அன்பர்கள் இதனைக் கருதுக. 39 பேருக்கு நோய் வரவே செய்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. குலவழியின் வலிமை அது.

ஆகவே தாய், தந்தை, உடன்பிறந்தார் எவருக்கேனும் நோயிருப்பின், முப்பது வயதைக் கடந்தவர்கள் தமக்கு ஒரு தொல்லையும் இல்லை என்று காத்திராமல் ஆண்டுக்கொரு முறை இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கருவுற்ற மகளிர் பொறுத்திருக்கவே கூடாது. அவர்கள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று 2007-இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. கருவுற்ற காலத்தில் தோன்றிய சர்க்கரை பேற்றுக்குப் பின் மறைந்தாலும், பிற்காலத்தில் நிலைத்த நோயாக வரக்கூடும்.

முதலில் சொன்ன பெண் பேற்றுக்குப் பின் சோதனை செய்துகொண்டாள். இன்றுவரை சர்க்கரை அளவோடு இருக்கிறது. மாலையில் காலனிப் பூங்காவைச் சுற்றி மாமியாருடன் அவள் நடப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். அவளுடைய தம்பிக்கு இவ்வாண்டு பெண் பார்க்கிறார்கள். ஜாதகத்துடன் அனுப்பும் குடும்பக் குறிப்பில் பாட்டியின் நோயும் தாயின் நோயும் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதச் சொன்னவள் அவளே.