ஆடுகளமும் போர்க்களமும்: விவியன் வூட்வாட்டின் வாழ்க்கை

விளையாட்டு வரலாறு என்றதும் வெற்றிகளின் பட்டியலே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின், ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை அவர் வாழ்ந்த சமூகத்தின் அமைப்பையும் மதிப்பீடுகளையும் சிலவேளை அரசியல் வரலாற்றினும் தெளிவாகக் காட்டவல்லது. இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வீரர் விவியன் வூட்வாட்டின் (1879 - 1954) வாழ்க்கை அத்தகையது.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1863 இல் தோன்றியது. ஊதியம் பெற்று ஆடுவதை அது 1885 இல் அனுமதித்தது. அன்று தொட்டு ஆட்டக்காரர் இரு சாராராயினர். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த குடும்பங்களிலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஊதியத்துக்கு ஆடினர். வசதி படைத்தோர் ஊதியம் பெறாது ஆடினர். பின்னவரே 'அமெச்சூர்' எனப்பட்டனர். ஊதியம் பெறாமை உயர்ந்த ஒழுக்கமாகப் போற்றப்பட்டது. எனினும், வேறு வருவாய் உடையவருக்கே அவ்வொழுக்கம் இயல்வதாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. 1901 இல் தொழின்முறை ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு வாரத்துக்கு 4 பவுண் மட்டுமே.

இலண்டனிற் பிறந்த வூட்வாட், தந்தையைப் போலவே கட்டடக் கலைஞர். தொழிலுக்கிடையே முதலில் ரொட்டன்ஹாம் கழகத்துக்கும், 1909 முதல் செல்சிக் கழகத்துக்கும் ஆடினார். 1903 இல் இங்கிலாந்து அணியிற் சேர்ந்த அவர், 1911 வரை 23 ஆட்டங்களில் 29 கோல்களைப் பெற்றார். இவ்வெண்ணிக்கையை நாற்பதாண்டுகளுக்கு மேலாக எந்த இங்கிலாந்து வீரரும் எட்டவில்லை. 1908 இல் இலண்டனிலும் 1912 இல் ஸ்ரொக்ஹோமிலும் பிரித்தானியா டென்மார்க்கை வென்று ஒலிம்பிக் தங்கம் பெற்றபோது அணித்தலைவராக விளங்கியவரும் அவரே.

1914 ஓகஸ்ட் மாதத்தில் போர் மூண்டது. ஒப்பந்தத்தாற் கட்டுண்ட தொழின்முறை ஆட்டக்காரர் தொடர்ந்தும் ஆடியமை பத்திரிகைகளிற் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. ஒப்பந்தம் செய்த கழகங்களினும், ஊதியம் பெற்ற தொழிலாளரே பெரிதும் பழி சுமந்தனர். இந்நிலையில் 1914 டிசெம்பரில் மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17 ஆவது பட்டாளம் உதைபந்தாட்டக்காரருக்கென அமைக்கப்பட்டது. போர் தொடங்கிய சில வாரங்களுள்ளேயே படையிற் சேர்ந்திருந்த வூட்வாட், பின்னர் இப்பட்டாளத்துக்கு மாறி அதிகாரியானார். ஊதியம் பெற்றவரும் பெறாதவரும் அங்கே ஒரே பதுங்குகுழிகளில் நின்றனர். ஆயினும் அவர்களுக்கிடையே அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடு எஞ்சியிருந்தது.

1915 ஏப்ரில் 24 ஆம் நாள் மன்செஸ்ரரில் உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தின் இறுதியாட்டம் நடைபெற்றது. சீருடை அணிந்த படையினர் பலர் பார்வையாளராக இருந்தமையால் அது 'காக்கி இறுதியாட்டம்' எனப்பட்டது. செல்சி முன்வரிசை வீரர் பொப் தொம்சன் காயமுற்றிருந்தார். அவருக்குப் பதிலாக ஆடுவதற்கு வூட்வாட்டுக்குப் படையிலிருந்து விடுப்பும் கிடைத்தது. தொம்சன் ஆடும் நிலைக்கு மீண்டார் என்றறிந்ததும், அணியை இறுதியாட்டம் வரை கொணர உழைத்தவருக்கே அவ்விடம் உரியது என வூட்வாட் விலகிக்கொண்டார். ஷெஃபீல்ட் யுனைற்றெட் அணியிடம் செல்சி 3 - 0 எனத் தோற்றது. அப்போது வூட்வாட்டுக்கு வயது 35. அக்கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ஆடும் வாய்ப்பு அவருக்குப் பின்னர் ஒருபோதும் கிட்டவில்லை.

பட்டாளம் 1915 நவம்பரிற் பிரான்சு சென்றது. 1916 சனவரியிற் கைக்குண்டு வெடித்து வூட்வாட்டின் தொடையிற் காயமேற்பட்டது. உயர்நிலை உதைபந்தாட்ட வாழ்வு அவ்வளவில் முடிவுற்றது. போரின்பின் எசெக்ஸில் விவசாயம் செய்தார். 1922 முதல் 1930 வரை செல்சியின் இயக்குநர் சபையிலிருந்தார். இறுதி நாட்களில் நோயுற்று, இலண்டனின் மேற்கே ஈலிங்கிலுள்ள பராமரிப்பு இல்லமொன்றிற் படுக்கையிற் கிடந்தார். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரித்த அவரை அங்கு நாடிச் சென்றோர் மிகச் சிலரே. 1954 சனவரி 31 இல் உயிர்நீத்தார்.

'அமெச்சூர்' என்னும் சொல், அன்பு செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ஊதியத்தை மறுத்தமையே வூட்வாட்டின் பெருமை என அக்காலத்தவர் எழுதினர். அவர் துறக்க வசதியிருந்த பொருள் அது. மீண்டும் பெறவியலாத ஓரிடத்தை, ஊதியத்துக்கு ஆடிய தோழர் ஒருவருக்காக அவர் விட்டுக்கொடுத்தாரே, அதுவே அச்சொல்லுக்கு உரிய பொருளை அளித்த செயல் எனலாம்.