அளந்த பிறகு ஒரு பிடி

சங்கரன்கோவிலில் என் அத்தை வீட்டு அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. லேபிள் எப்போதோ உரிந்துபோன கண்ணாடிப் பாட்டில். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும்போது அதுவும் லேசாக அதிரும். அத்தை உலையை ஏற்றிவிட்டு, டம்ளரால் மூன்று டம்ளர் அரிசி அளந்து முறத்தில் கொட்டுவாள். கொட்டியதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பாட்டிலில் போடுவாள். உதடு மட்டும் அசையும். அது 'ஸ்தோத்திரம்' என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

"பானையிலேர்ந்தே எடுத்துப் போட்டா என்ன அத்தை?"

"பானையில கிடக்கது யாரு பங்குன்னு யாருக்குத் தெரியும்? அளந்த பொறவு எடுத்தாத்தான்யா நம்ம சோத்துல குறையும்."

இதற்குப் பெயர் பிடியரிசி. ஒருமுறை அவள் பிடியைத் தராசில் போட்டுப் பார்த்தேன். 50 கிராம் சொச்சம். மதியம், ராத்திரி என இரண்டு உலைக்கு மாதம் 3 கிலோ ஆகிறது. தனியாக 3 கிலோ கேட்டால் யோசிக்கிற வீட்டிலிருந்து அது தெரியாமலே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டில் மஞ்சப்பையில் கவிழும். எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் சாக்கு வாயை விரித்துக்கொண்டு, கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை நிற்பார். பொன்னி, இட்லி அரிசி, கொட்டை கொட்டையாக ரேஷன் அரிசி எல்லாம் அதற்குள் ஒன்றாகிவிடும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். "சும்மா கிடைக்கிற அரிசிக்கு எதுக்கு ஸ்தோத்திரம்?" என்று மாமா ஒருநாள் சீண்டினார். "வரிசையில நின்னது யாரு காலு?" என்றாள் அத்தை. மாமா அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலிலேயே சாக்கை ஏலம் விடுவார்கள். கலப்பரிசியைச் சோறாக்க முடியாது. ஒன்று குழையும், ஒன்று விதைவிதையாக நிற்கும். மாவுக்கோ கோழிக்கோதான் ஆகும். ஆனாலும் கடை விலைக்குக் குறைந்து போனால் கேட்டவருக்கே கூச்சமாகிவிடும். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவரே கோவிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட, அதே காய் இரண்டாம் தடவை ஏலம் போகும்.

அரிசியின் பயணம் அந்த வாசலோடு முடிகிறது. அதற்கு மேல் போவது காசு.

அந்தக் காசுக்கு ஒரு பழைய தடம் உண்டு. இந்த வட்டாரத்துக்குச் சுவிசேஷம் வந்தது பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில்தான். 1854-இல் கேம்பிரிட்ஜில் படித்த மிஷனரியான ராக்லண்ட் வட திருநெல்வேலியில் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கி, 1858-இல் சிவகாசியில் இறந்தார். அரை நூற்றாண்டு கழிந்து, வெள்ளாளன்விளைக்காரரான வே. ச. அசரியா யாழ்ப்பாணம் போனபோது அங்கத்திய தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே கடல் தாண்டி ஊழியர் அனுப்புவதைக் கண்டார். வாங்கியே பழகிய திருநெல்வேலிச் சபை என்ன கொடுத்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. ஆளும் நம்முடையவர், காசும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பது அதன் ஏற்பாடு. முதல் ஊழியர் போனது நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு. நம் அடுப்படிகளிலிருந்து தெலுங்கு நாட்டுக்குப் போன காசில் பிடியரிசிக் காசும் உண்டு.

காசோடு பழக்கமும் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1912-இல் அசரியா தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர். தோர்ணக்கல் சபையில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள். அவர்களிடமும் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கச் சொன்னார். உதவி பெற வந்தவர்கள் என்று அவர்களை விட்டுவிடவில்லை. இப்படிச் சொல்ல அவருக்கு என்ன துணிச்சல் இருந்திருக்க வேண்டும்!

தோர்ணக்கல்லைப் பார்த்துத்தான் மற்ற இடங்களிலும் பிடியரிசி வந்தது என்று எண்ணிவிட வேண்டாம், மிசோரமில் 1910-லேயே இது தொடங்கிவிட்டது. இன்று அங்கே சபைக்குக் கோடிக்கணக்கில் சேர்கிறது. காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் வைத்தார். அள்ளிய கைக்கு மதம் தெரியாது போல.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு உண்டு. எங்கள் சங்கரன்கோவில் கரிசல் பூமி. பருத்தியும் வத்தலும் விளையும் மண்ணில் முந்திய தலைமுறைக்கு நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தான். அப்போது பிடியாக விழுந்தது கம்போ சோளமோதான் இருக்க வேண்டும். தாமிரபரணிக் கரைச் சபைகளிலிருந்து பெயர் மட்டும் வந்து ஒட்டியிருக்கும்.

நேர்த்திக்கடன் இந்த ஊருக்குப் புதிதல்ல. பாம்பு, தேள் கண்டவர்கள் வெள்ளியில் உரு வாங்கிச் சங்கரநாராயணர் கோவில் உண்டியலில் போடுவார்கள். அந்த உருவுக்கு ஒரு சம்பவம் உண்டு. அத்தையின் பிடிக்குச் சம்பவம் கேட்டால், இன்றைக்கும் உலை கொதித்தது என்பதுதான்.

இப்போது பலர் கவரில் பணமாகவே போட்டுவிடுகிறார்கள். கோவில்பிள்ளைக்கும் சாக்குத் தூக்குகிற வேலை மிச்சம். அத்தை மாறவில்லை. மாறியது அவள் உடம்பு. போன வருஷம் சர்க்கரை ஏறி, ராத்திரிச் சோற்றை டாக்டர் நிறுத்திவிட்டார். இரண்டு கோதுமைத் தோசையோடு சரி.

போன மாதம் போயிருந்தபோது ராத்திரி அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மூன்று டம்ளர் அளந்து முறத்தில் கொட்டினாள். ஒரு பிடி எடுத்துப் பாட்டிலில் போட்டாள். உதடு அசைந்தது. பிறகு முறத்து அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டி மூடிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.