இளையபெருமாள், எல். (1924–2005)

வீராணம் ஏரிப் பாசனப் பகுதியான காட்டுமன்னார்கோயிலில் பிறந்த இளையபெருமாள், பட்டியல் சாதி மக்களின் உரிமைகளுக்காக ஊர்ச்சேரியிலும் நாடாளுமன்றத்திலும் போராடிய காங்கிரஸ் தலைவர் ஆவார். அவர் படித்த பள்ளியில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கெனத் தனியே ஒரு குடிநீர்ப் பானை வைக்கப்பட்டிருந்தது. அதை அவர் உடைக்க, புதுப்பானை வர, அதையும் உடைக்க, முடிவில் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. பின்னாளில் செத்த மாட்டை அப்புறப்படுத்துதல், சாவுக்குப் பறையடித்தல் முதலிய கட்டாய ஊழியங்களை மறுக்குமாறு அவர் வட்டார மக்களைத் திரட்டியதற்கும் இந்தப் பானையே தொடக்கம் எனலாம்.

1952-இல் கடலூரிலிருந்தும் 1957-இல் சிதம்பரத்திலிருந்தும் அவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே தொகுதியில் பொது உறுப்பினர் ஒருவரும் பட்டியல் சாதி உறுப்பினர் ஒருவருமாக இருவர் வெல்லும் இரட்டை உறுப்பினர் முறை அப்போது நடப்பில் இருந்தது. 1962-இல் திருக்கோவிலூரிலிருந்து மீண்டும் வென்றார்.

ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது பதவிகளன்று, ஓர் அறிக்கையே. தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய நடுவண் அரசு 1965-இல் அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். கீழ்வெண்மணி ஊரில் பட்டியல் சாதியினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட அடுத்த மாதமே, 1969 சனவரியில், அக்குழு அறிக்கை அளித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில், புகார் கொடுத்தவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் சமரசம் பேசி வழக்கை முடித்துக்கொள்ள இடமிருந்தது. அன்றாடக் கூலிக்கு எதிர்த்தரப்பையே நம்பியிருப்பவர் எத்தகைய சமரசத்துக்கு இணங்கியிருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. அறிக்கையின் தூண்டுதலால் திருத்தப்பட்டு, 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அச்சட்டம், சமரசத்துக்கான வழியை அடைத்ததோடு, குறைந்தது ஒரு மாதச் சிறையையும் அபராதத்தையும் சேர்த்தே விதிக்கச் செய்தது.

பரம்பரை அர்ச்சகர் முறையை, அதாவது தந்தைக்குப்பின் மகன் என்ற வாரிசு உரிமையால் பூசகராகும் வழக்கத்தை, ஒழிக்க வேண்டும் என்பது குழுவின் மற்றொரு பரிந்துரை. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி அரசு இதனை ஏற்று, 1970 திசம்பரில் இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. இத்திருத்தத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட சேஷம்மாள் வழக்கில் 1972-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாரிசு உரிமை நீக்கத்தைச் செல்லும் என்று ஏற்றபோதிலும், ஆகமம் என்னும் வழிபாட்டு விதிநூல்களைப் பின்பற்றும் கோயில்களில் அர்ச்சகர் நியமனம் அந்தந்த ஆகமத்துக்கு உட்பட்டே அமைய வேண்டும் என்றதால், வாசல் திறந்தும் நிலைப்படி உயரமாகவே நின்றது. இளையபெருமாள் மக்களவையில் சார்பாளராக இருந்த சிதம்பரத்தின் நடராசர் கோயிலோ, அதன் பரம்பரைப் பூசகர்களான பொது தீட்சிதர்களின் நிர்வாகத்திலேயே நீடிக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

1980-இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்ற இளையபெருமாள், பின்னர் காங்கிரசை விட்டு விலகி இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். தன் வரலாற்றுக்கு அவர் இட்ட தலைப்பு ‘சித்திரை நெருப்பு’.