உருள்கூம்புத் துளைமுனை

எண்ணெய், எரிவாயு, நீர்க் கிணறுகளைத் துளையிடும்போது குழாய்த் தொடரின் அடிநுனியில் பொருத்தப்படும் கருவி உருள்கூம்புத் துளைமுனை. பற்கள் கொண்ட எஃகுக் கூம்புகள் பாறைமேல் உருண்டு அதை நொறுக்குகின்றன. மூன்று கூம்பு உள்ளதைத் துறையினர் டிரைகோன் பிட் என்பார்கள்.

1901 ஜனவரி 10 அன்று டெக்சாசின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டபின் சுழல்முறைத் துளையீடு வேகமாகப் பரவியது. அன்று புழக்கத்தில் இருந்த மீன்வால் முனை மணலையும் களிமண்ணையும் எளிதில் சுரண்டித் தள்ளும். கடினப் பாறை குறுக்கிட்டால் அலகு மழுங்கிவிடும். கிணற்றையே கைவிட வேண்டிவரும்.

இந்தத் தடையை உடைத்தவர் மூத்த ஹோவர்ட் ஹ்யூஸ். அவருடைய இருகூம்பு முனைக்கு 1909 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு டெக்சாசின் கூஸ் கிரீக் வயலில் அது 11 மணி நேரத்தில் 14 அடி இறங்கியது. இன்று சொற்பமாகத் தோன்றலாம். அதுவரை எந்த முனையும் துளைக்காத பாறை அது. வால்டர் ஷார்ப்புடன் சேர்ந்து ஹ்யூஸ் தொடங்கிய நிறுவனம் முனைகளை விற்காமல் வாடகைக்கு விட்டது. விமானியும் திரைப்படத் தயாரிப்பாளருமான மகன் ஹோவர்ட் ஹ்யூஸின் பெருஞ்செல்வத்துக்கு ஊற்று இதுவே. மூன்று கூம்பு முனையை அந்நிறுவனப் பொறியாளர்கள் 1933-இல் உருவாக்கினர். எடை மூன்று புள்ளிகளில் பரவியதால் முனை துள்ளாமல் நிதானமாக இறங்கியது.

குழாய்த் தொடர் சுழலும்போது, மேலிருந்து அழுத்தும் எடையால் பற்கள் ஒவ்வொன்றாகப் பாறையில் பதிந்து சில்லுகளைப் பெயர்க்கின்றன. குழாய் வழியே இறங்கும் துளையீட்டுச் சேறு முனையின் துவாரங்களில் பீய்ச்சி அடித்து, சில்லுகளை வாரிக்கொண்டு குழாய்க்கு வெளிப்புற இடைவெளி வழியே மேலேறுகிறது. மென்பாறைக்கு நீண்ட, இடைவெளிவிட்ட பற்கள். கடும்பாறைக்குக் குட்டையான, நெருக்கமான டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள்.

பற்களைவிட முனையின் ஆயுளைத் தீர்மானிப்பது கூம்புக்குள் இருக்கும் பேரிங்தான். தொடக்கக்கால முனைகளில் சேறும் மணலும் உள்ளே புகுந்து அதை அரித்தன. பேரிங் தளர்ந்து கூம்பு கழன்றால் அது துளையின் அடியில் கிடக்கும். காந்தம் இறக்கி எடுத்த பிறகே வேலை தொடரும். முனையை மாற்றுவதும் லேசல்ல. கிணறு 3000 மீட்டர் ஆழமென்றால் அத்தனை நீளக் குழாயையும் பகுதி பகுதியாக வெளியே இழுத்துக் கழற்றி, மீண்டும் பூட்டி இறக்க வேண்டும். அதனால், கிரீஸை உள்ளேயே தேக்கி வைத்து, சேறு புகாமல் சீலால் அடைத்த பேரிங்கே இந்தக் கருவியில் பின்னாளில் நிகழ்ந்த ஆகப்பெரிய முன்னேற்றம் எனலாம்.

1970-களில் வந்த, செயற்கை வைரத் தகடு பதித்த பிடிசி முனையில் உருளும் பாகமே கிடையாது. அது பாறையைச் சீவி எடுக்கிறது. எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பங்கு வேலை இன்று அதனிடம் போய்விட்டது. கூழாங்கல் அடுக்குகளிலும் விரிசலோடிய கடும்பாறையிலும் உருள்கூம்பு முனை இன்னும் நீடிக்கிறது. திறந்தவெளிச் சுரங்கங்களில் வெடித்துளை போடவும் அதையே இறக்குகிறார்கள். அங்கே சில்லுகளை வெளியேற்றுவது சேறு அல்ல, அழுத்தக் காற்று.