கோட்டைக்கு முந்தின கற்கள்

பெரியகல்லாற்றில இருந்து பஸ் ஏறினா, நாங்க வரலாறு பார்க்கப் போறது மட்டக்களப்புக் கோட்டைக்குத்தான். புளியந்தீவில போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. அதனால எங்கட கதையே அங்கதான் தொடங்குது என்று நினைச்சிடுறோம்.

ஆனா வாகரைக்கு அங்கால, கதிரவெளியில பெருங்கற்கால ஈமக் கற்கள் இருக்கு. அவை கோட்டையைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல மூத்தவை.

பெரு நாட்டிலயும் இப்படித்தான். 15ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் கட்டிய மச்சு பிச்சுவை உலகமே அறியும். இன்காவுக்கு முந்தின கரால் நகரத்துக்கு ஏறத்தாழ 5,000 வயசு. அதை அறிஞ்சவங்க குறைவு.

கோட்டையைப் பற்றி ஒல்லாந்தர் எழுதி வச்சிருக்காங்க. கதிரவெளிக் கல்லை நட்டவங்க எதையும் எழுதி வைக்கல்ல. அந்தக் கல்லுத்தான் அவங்கட சாட்சி. அதுவும் போனா ஒண்டுமில்ல. அடுத்த பயணம் வாகரைக்கும் அங்கால போகட்டும்.